இரண்டு ரூட்டர், இரண்டு லைன் இருந்தும் நெட்வொர்க் ஏன் நின்றது?

முதலில் கேள்வியைச் சுருக்கித் திரும்பச் சொல்கிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவமனையில் இரண்டு ரூட்டர்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கம்பெனியின் ஃபைபர் லீஸ்டு லைன். இரண்டுக்கும் இடையில் விஆர்ஆர்பி ஓடுகிறது, அதாவது ஒரு ரூட்டர் போனால் மற்றது அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. வெளியே சாலையில் பள்ளம் தோண்டியபோது முதல் லைனின் கேபிள் அறுந்தது. தானாக இரண்டாவது லைனுக்கு மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. முக்கால் மணி நேரம் பில்லிங்கும் லேப் ரிப்போர்ட்டும் நின்றன. கடைசியில் ஒருவர் முதல் ரூட்டரின் பவரை அணைத்தார், சில வினாடிகளில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. இப்போது விற்பனையாளர் மூன்றாவது ரூட்டரும், '50 மில்லி வினாடியில் மாறும்' ஒரு ஏற்பாடும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்னால் விடை தெரிய வேண்டிய கேள்வி ஒன்று உங்கள் விவரத்திலேயே இருக்கிறது: இரண்டாவது பாதை நல்ல நிலையில் காத்திருந்தபோது, முதல் பாதை செத்துப்போனது ஏன் யாருக்கும் தெரியவில்லை?

மூன்றாவது ரூட்டர் வேண்டாம். பவரை அணைத்ததும் மாறியது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. இரண்டாவது ரூட்டர் நன்றாக இருக்கிறது, இரண்டாவது லைனும் நன்றாக இருக்கிறது, மாற்றிவிடும் ஏற்பாடும் வேலை செய்கிறது. கேபிள் அறுந்த சேதி மட்டும் அதற்குப் போய்ச் சேரவில்லை. அந்தச் சேதி போகும் வழியைச் சரிசெய்யாமல் எத்தனை ரூட்டர் சேர்த்தாலும் அன்று நடந்ததே மறுபடி நடக்கும். பல வருடங்களாக மருத்துவமனை, கல்லூரி, கிளை அலுவலக நெட்வொர்க்குகளில் வேலை செய்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்த வகைப் பழுதில் கருவிகள் குறைவாக இருந்து மாட்டிக்கொண்டவர்களை விட, கருவிகள் இருந்தும் மாறாமல் மாட்டிக்கொண்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

விஆர்ஆர்பி எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். 1998-ல் முதல் முறையாக வெளியான இந்த நெறிமுறைக்கு ஒரே ஒரு வேலைதான்: உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்குக் கொடுத்திருக்கும் கேட்வே முகவரி, அதாவது வெளியே போகும் வாசலின் முகவரி, எப்போதும் பதில் சொல்ல வேண்டும். இரண்டு ரூட்டர்களும் ஒரு பொது ஐபி முகவரியையும் ஒரு பொது மேக் முகவரியையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று மாஸ்டர், மற்றது பேக்கப். மாஸ்டர், வழக்கமான அமைப்பில் வினாடிக்கு ஒரு தடவை, தான் இருப்பதாக லேன் பக்கத்தில், அதாவது உள் நெட்வொர்க்கில், அறிவிப்பு அனுப்பும். மூன்று வினாடிக்குச் சற்று அதிகமாக அறிவிப்பு வராவிட்டால் பேக்கப் எழுந்து பொறுப்பை எடுத்துக்கொள்ளும். பேக்கப்பின் ப்ரியாரிட்டி, அதாவது யார் மாஸ்டர் என்று தீர்மானிக்கும் எண், 100 என்றால் சரியாகக் கணக்குப் போட்டு 3.6 வினாடி வரும். நீங்கள் பவரை அணைத்ததும் சில வினாடிகளில் மாறியது இதனால்தான். ஆனால் கேபிள் அறுந்தது வெளியே. மாஸ்டர் ரூட்டருக்கு உயிர் இருக்கிறது, லேன் பக்கத்தில் வினாடிக்கு ஒரு அறிவிப்பு ஒழுங்காகப் போகிறது. பேக்கப்பைப் பொறுத்தவரை எல்லாம் நலம். உள்ளே இருந்து வரும் பாக்கெட்டுகளை மாஸ்டர் பொறுப்பாக வாங்கி, போக வழியில்லாத லைனில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

சரி, வெளியே லைன் போனது மாஸ்டருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். இங்கேதான் இரண்டாவது கண்ணி விட்டுப்போகிறது. ரூட்டருக்கும் வெளியிலிருந்து வரும் ஃபைபருக்கும் நடுவில் ஐஎஸ்பி, அதாவது லைன் தரும் கம்பெனி, வைத்த ஒரு மீடியா கன்வெர்ட்டரோ (ஃபைபர் ஒளியைச் செப்புக் கேபிளுக்கு ஏற்ப மாற்றும் பெட்டி) சின்ன ஸ்விட்சோ உங்கள் ரேக்கில் இருக்கும். ரூட்டரின் போர்ட்டில் மாட்டியிருப்பது அந்தப் பெட்டியிலிருந்து வரும் ஒரு மீட்டர் செப்புக் கேபிள். தெருவில் ஃபைபர் அறுந்தாலும் அந்த ஒரு மீட்டர் கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. போர்ட்டில் பச்சை விளக்கு எரியும், ரூட்டரின் கணக்கில் லைன் உயிரோடு இருக்கும், வெளியே போகும் பாக்கெட்டுகளுக்கு வழி சொல்லும் டீஃபால்ட் ரூட்டும் அப்படியே அட்டவணையில் உட்கார்ந்திருக்கும். பல மீடியா கன்வெர்ட்டர்களில், ஒரு பக்கம் போனால் மறு பக்கத்தையும் தானே இறக்கிவிடும் வசதி ஒரு குட்டி ஸ்விட்சாக இருக்கிறது. ஆனால் அது அணைந்த நிலையிலேயே விடப்பட்டிருப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஐஎஸ்பி ஆளிடம் கேட்டு அதைப் போட்டுவிடுங்கள், செலவில்லாத வேலை. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் கன்வெர்ட்டருக்கும் ஐஎஸ்பியின் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் கேபிள் அறுந்தால்தான் அது உதவும். ஐஎஸ்பியின் எக்ஸ்சேஞ்சைத் தாண்டி எங்கேயாவது அறுந்தால் உங்கள் கன்வெர்ட்டருக்கு வெளிச்சம் வந்துகொண்டேதான் இருக்கும்.

அதனால் ரூட்டரே வெளியுலகைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு ட்ராக்கிங் என்ற வசதி, பெயர் மாறினாலும், அநேகமாக எல்லா நிறுவன ரூட்டர்களிலும் உண்டு. வெளியே இருக்கும் ஒரு முகவரிக்கு சில வினாடிகளுக்கு ஒருமுறை, 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் போகும். தொடர்ந்து சில தடவை பதில் வராவிட்டால் இரண்டு காரியம் நடக்க வேண்டும்: அந்த லைனின் டீஃபால்ட் ரூட்டை எடுத்துவிட வேண்டும், விஆர்ஆர்பி ப்ரியாரிட்டியைக் குறைக்க வேண்டும். இந்தக் குறைப்பு எண்ணில் கவனம் வேண்டும். மாஸ்டர் 110, பேக்கப் 100 என்று வைத்துவிட்டு, லைன் போனால் 10 குறை என்று எழுதியிருந்தால் மாஸ்டர் 100-க்கு வந்து நிற்கும், பேக்கப்பும் 100. எதிராளி தன்னைவிடக் குறைவாக இருந்தால்தான் பேக்கப் எழுந்திருக்கும். சமமாக இருந்தால் பேசாமல் உட்கார்ந்திருக்கும். 20 குறைத்தால் 90, அப்போது மாறும். இதோடு இரண்டு ரூட்டருக்கும் நடுவில் ஒரு நேரடி இணைப்புக் கொடுத்து, முதல் ரூட்டரில் 'என் லைன் இல்லாவிட்டால் பக்கத்து ரூட்டருக்குக் கொடு' என்று மதிப்புக் குறைந்த இன்னொரு டீஃபால்ட் ரூட்டையும் எழுதிவைக்கலாம். அப்போது விஆர்ஆர்பி மாறத் தாமதமானாலும் பாக்கெட்டுக்கு ஒரு வழி இருக்கும். நானாக இருந்தால் இரண்டையும் செய்வேன்.

எந்த முகவரிக்குப் பிங் போடுவது என்பதை ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்துவிடுகிறார்கள், ஆனால் அதில்தான் இவ்வளவும் தங்கியிருக்கிறது. ஐஎஸ்பியின் கேட்வேக்கு மட்டும் போட்டால், அதைத் தாண்டி நடக்கும் எந்தப் பழுதும் தெரியாது. கூகுளின் 8.8.8.8-க்குப் போடுவது எல்லோருக்கும் பழக்கம். ஆனால் அது டிஎன்எஸ் கேள்விக்கு, அதாவது ஒரு தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி என்ன என்ற கேள்விக்கு, பதில் சொல்ல இருக்கும் முகவரி. பிங்குக்குப் பதில் வருவதை நம்பி ஒரு மருத்துவமனையின் இணைப்பை வைப்பது நல்லதல்ல. இரண்டு மூன்று வெவ்வேறு இடங்களுக்குப் போட்டு, எல்லாமே போனால்தான் லைன் போனதாகக் கணக்கிடுங்கள். அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. முதல் லைனைச் சோதிக்கும் பிங், முதல் லைன் வழியாக மட்டுமே போக வேண்டும். இல்லாவிட்டால் லைன் மாறியதும் பிங் இரண்டாவது லைன் வழியாகப் போய் வெற்றி பெறும், ரூட்டர் முதல் லைன் சரியாகிவிட்டதாக நினைத்துத் திரும்பி வரும், மறுபடி தோற்கும், மறுபடி மாறும். இதைத் தவிர்க்க அந்த முகவரிக்கு மட்டும் முதல் லைன் வழியே நிலையான ரூட் ஒன்று எழுதுவார்கள். சரியான வழிதான். ஆனால் அந்த முகவரி 8.8.8.8 ஆக இருந்து, உங்கள் கம்ப்யூட்டர்களும் அதையே டிஎன்எஸ் ஆக வைத்திருந்தால், முதல் லைன் போன நேரத்தில் இரண்டாவது லைன் அருமையாக வேலை செய்துகொண்டிருக்கும், ஆனால் ஒரு வலைப்பக்கமும் திறக்காது. எல்லோரும் ஐஎஸ்பியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். சோதனைக்கு வைத்திருக்கும் முகவரி வேறு எந்த வேலைக்கும் பயன்படக் கூடாது.

போவதை மட்டும் யோசித்துவிட்டுத் திரும்பி வருவதை விட்டுவிடுவதும் நடக்கும். கேபிளை ஒட்டவைக்கும்போது லைன் சில முறை வந்து வந்து போகும். ஒவ்வொரு முறையும் ரூட்டர் மாறிக்கொண்டிருந்தால், ஒரேயடியாக நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை என்ற நிலை வந்துவிடும். அதனால் போனதைச் சீக்கிரமாகவும், வந்ததை நிதானமாகவும் நம்பச் சொல்லுங்கள். பதில் பத்து வினாடி வராவிட்டால் போய்விட்டது, தொடர்ந்து ஐந்து நிமிடம் வந்தால்தான் வந்துவிட்டது என்று வைக்கலாம். விஆர்ஆர்பி-யில் ப்ரியாரிட்டி கூடிய ரூட்டர் திரும்பி வந்ததும் உடனே மாஸ்டர் பதவியைப் பிடுங்கிக்கொள்வது வழக்கமான அமைப்பு. இதே வேலையைச் செய்யும் சிஸ்கோவின் எச்எஸ்ஆர்பி-யில் இது நேர்மாறு, நாமாகச் சொன்னால்தான் பிடுங்கும். ரீபூட் ஆகி எழுந்த ரூட்டருக்கு லேன் பக்கம் சில வினாடிகளில் தயாராகிவிடும், வெளிப்பக்கத்து ரூட்டுகள் வந்துசேர நிமிடங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் அது மாஸ்டர் ஆனால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேலையைப் பறித்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கும். தாமதம் கொடுக்க ஒரு வரி உண்டு, அதைச் சேர்த்துவிடுங்கள்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். விஆர்ஆர்பி லேன் பக்கத்தை மட்டுமே பார்க்கும் என்பது உறுதி, அதன் வடிவமைப்பே அதுதான். உங்கள் இடத்தில் வெளிப்பக்கப் போர்ட் உயிரோடு இருந்தது என்பது நீங்கள் சொன்ன அறிகுறியிலிருந்து நான் கணித்தது, அநேகமாகச் சரியாக இருக்கும். ரூட்டரின் நிகழ்வுப் பதிவான லாகில், கேபிள் அறுந்த நேரத்தில் அந்த போர்ட் கீழே போனதாக ஒரு வரி இருந்தால் என் கணிப்புத் தவறு. அப்படியானால் ட்ராக்கிங் வரி இருந்தும் குறைப்பு எண் போதாமல் போயிருக்கலாம். உங்கள் கான்ஃபிகரேஷனைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சரியாகாது. எப்படி மாறினாலும் ஒன்று நிச்சயம் நடக்கும்: இரண்டாவது லைனுக்குப் போனதும் உங்கள் வெளி ஐபி முகவரி மாறும், அந்த நேரத்தில் திறந்திருந்த இணைப்புகள் எல்லாம் அறுந்து புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். இன்ஷூரன்ஸ் போர்ட்டல், வங்கிச் சேவை போன்றவை உங்கள் ஐபி முகவரியைப் பதிவுசெய்து வைத்து அனுமதிப்பவையாக இருந்தால், இரண்டாவது லைனின் முகவரியையும் இப்போதே பதிவுசெய்யச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிடுங்கள். லைன் மாறியும் கேஷ்லெஸ் அப்ரூவல் வரவில்லை என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

முகவரி மாறாமலேயே லைன் மாற வேண்டும் என்றால் அதற்கு பிஜிபி, அதாவது நெட்வொர்க்குகள் தங்கள் முகவரிகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் நெறிமுறை, வேண்டும். சொந்த முகவரித் தொகுதியும், இணையத்தில் உங்கள் நெட்வொர்க்கைக் குறிக்கும் சொந்த ஏஎஸ் எண்ணும் வாங்கி, இரண்டு ஐஎஸ்பிகள் வழியாகவும் அறிவிக்க வேண்டும். இந்தியாவில் இதை ஐஆர்ஐஎன்என் என்ற இணைய முகவரிப் பதிவகம் வழியாக வாங்கலாம். வெளியிலிருந்து நோயாளிகளோ மற்ற கிளைகளோ உங்கள் சர்வருக்குள் வருகிறார்கள் என்றால் யோசிக்கலாம், உள்ளிருந்து வெளியே போவது மட்டும்தான் என்றால் தேவையில்லை. பிஜிபி போட்டாலும் கண்டறிவது தானாக வேகமாகிவிடாது. அதன் தர ஆவணம் பரிந்துரைக்கும் காத்திருப்பு 90 வினாடி, சிஸ்கோ ரூட்டர்களில் வழக்கமாக 180 வினாடி. நடுவில் ஸ்விட்ச் இருந்து போர்ட் விழாவிட்டால் மூன்று நிமிடம் வரை செத்த லைனில் அனுப்பிக்கொண்டே இருக்கும். உள் நெட்வொர்க்குகளில் ஓடும் ரூட்டிங் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப்-பும் அப்படித்தான்: பத்து வினாடிக்கு ஒரு ஹலோ, நாற்பது வினாடி பேச்சில்லாவிட்டால்தான் இறந்ததாக முடிவு. இந்தக் குறையைப் போக்கத்தான் பிஎஃப்டி வந்தது. 2010-ல் தரமாக்கப்பட்ட இது ரூட் எதையும் சுமப்பதில்லை. எதிர் ரூட்டர் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் இரு பக்கமும் வேகமாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். 50 மில்லி வினாடிக்கு ஒன்று, மூன்று தவறினால் செத்தது என்று வைத்தால் 150 மில்லி வினாடியில் தெரிந்துவிடும். ஃபைபர் ஜோடியில் ஒரு இழை மட்டும் அறுந்து ஒரு திசை மட்டும் போகும் விசித்திரப் பழுதையும் இது பிடிக்கும். பிஜிபி வாங்கும்போதே ஐஎஸ்பியிடம் பிஎஃப்டி உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அந்த 50 மில்லி வினாடி. விற்பனையாளர் பொய் சொல்லவில்லை, அந்த எண்ணுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தொலைபேசிக் கம்பெனிகளின் சோனெட், எஸ்டிஎச் ஃபைபர் வளையங்களில், பழுது தெரிந்த பிறகு 50 மில்லி வினாடிக்குள் வளையத்தின் மறு பக்கத்துக்கு மாறிவிட வேண்டும் என்பது வரையறை. ஐபி நெட்வொர்க் அந்த இடத்துக்கு வந்தபோது அதே வேகம் அதனிடமும் எதிர்பார்க்கப்பட்டது. சாதாரண ரூட்டிங்கில் அது வராது. பழுதை ஒரு ரூட்டர் கண்டறிந்து, எல்லோருக்கும் சொல்லி, ஒவ்வொன்றும் கணக்குப் போட்டு, புதிய வழியை ஹார்டுவேரில் எழுதி முடிக்க நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் ஒருவரிடம் புதிய கணக்கும் இன்னொருவரிடம் பழைய கணக்கும் இருந்தால் பாக்கெட்டுகள் இருவருக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருக்கும். இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று: பழுது வரும் முன்பே மாற்று வழியைக் கணக்குப் போட்டு ஹார்டுவேரில் எழுதிவைத்துவிடுவது. லைன் போனதும் யாரையும் கேட்காமல் அந்த ரூட்டரே உடனே திருப்பிவிடும், மற்றவர்கள் நிதானமாகக் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டி அனுப்பும் எம்பிஎல்எஸ்-க்கு இது 2005-லும், சாதாரண ஐபி ரூட்டிங்குக்கு எல்எஃப்ஏ என்ற பெயரில் 2008-லும் தரமாக வந்தது.

எல்எஃப்ஏ-யின் உள்ளே இருக்கும் கேள்வி எளிமையானது. என் வழி அறுந்தால் பக்கத்து ரூட்டரிடம் கொடுக்கலாமா, கொடுத்தால் அது தன் வழியில் கொண்டுபோய்ச் சேர்க்குமா, இல்லை அதன் நல்ல வழியும் என் வழியாகத்தான் என்று என்னிடமே திருப்பி அனுப்புமா? பக்கத்து ரூட்டரிலிருந்து இலக்குக்குள்ள தூரம், அது என் வழியாகச் சுற்றிப் போகும் தூரத்தைவிடக் குறைவாக இருந்தால் பயமில்லாமல் கொடுக்கலாம். முக்கோணமாகப் பின்னிய நெட்வொர்க்கில் இந்த நிபந்தனை எளிதில் கூடிவரும், வளையமாகப் போட்டதில் பல இலக்குகளுக்குக் கூடாது. கூடாத இடங்களுக்காகத் தொலைவில் உள்ள ஒரு ரூட்டர் வரை சுரங்கம் போட்டு அனுப்பும் முறைகள் பின்னால் வந்தன. பக்கத்து லைன் மட்டும் போனதா, அந்த லைனின் மறு முனையில் இருக்கும் ரூட்டரே போனதா என்று அந்தக் கணத்தில் தெரியாது என்பதால், ரூட்டரையே தவிர்த்துப் போகும் வழி கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இதெல்லாம் ஐஎஸ்பிகளும் பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களும் செய்ய வேண்டியவை. உங்களுக்கு ஒரு கட்டிடம், வெளியே போக இரண்டு கதவு. பத்து வினாடியில் நம்பிக்கையாக மாறினால் பில்லிங் திரையில் ஒரு முறை ரிஃப்ரெஷ் செய்வதோடு முடிந்துவிடும். அந்தப் பணத்தை வேறு இடத்தில் போடலாம்.

எங்கே என்றால், இரண்டு லைன்களும் உண்மையிலேயே இரண்டுதானா என்று உறுதிசெய்வதில். 1964-ல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் பால் பேரன், தாக்குதலைத் தாங்கும் நெட்வொர்க் பற்றிய தன் ஆய்வில், குறைந்தபட்சம் தேவையானதைப்போல் மூன்று நான்கு மடங்கு இணைப்புகள் இருந்தாலே மிக வலுவான நெட்வொர்க் கிடைத்துவிடும் என்று காட்டினார். அந்தக் கணக்கில் ஒவ்வொரு நிலையமும் மற்றதோடு சம்பந்தமில்லாமல் தனித்தனியாக அழியும் என்பது அடிப்படை. நிஜத்தில் அப்படி இருப்பதில்லை. 1986 டிசம்பர் 12 அன்று, அமெரிக்காவில் இணையத்தின் முன்னோடியாக இருந்த அர்பாநெட்டின் நியூ இங்கிலாந்துப் பகுதி மற்ற நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கப்பட்டது. அந்தப் பகுதிக்கு ஏழு தனித்தனி டிரங்க் லைன்கள் இருந்தன. ஏழும் நியூ ஜெர்சியின் நியூவார்க்குக்கும் நியூயார்க் மாநிலத்தின் ஒயிட் ப்ளெய்ன்ஸுக்கும் நடுவில் ஒரே ஃபைபர் கேபிளுக்குள் போயின, அந்தக் கேபிள் அறுந்தது. வரைபடத்தில் ஏழு கோடு, மண்ணுக்குள் ஒன்று. 2001 ஜூலையில் பால்டிமோரின் ஹோவர்டு தெருச் சுரங்கத்தில் சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பிடித்தபோது, அந்தச் சுரங்கம் வழியாகப் போன பல கம்பெனிகளின் ஃபைபர்களும் ஒன்றாகப் பாதிக்கப்பட்டன. ரயில் பாதையோரமும் நெடுஞ்சாலையோரமும் கேபிள் போட எல்லோருக்கும் வசதி என்பதால், போட்டியாளர்களின் கேபிள்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருப்பது எந்த நாட்டிலும் சகஜம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லைன் 99.5 சதவீத நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்குச் சுமார் 44 மணி நேரம் இருக்காது. சம்பந்தமே இல்லாத இரண்டு லைன்கள் என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் போவது வருடத்துக்கு 13 நிமிடம்தான். இரண்டும் கடைசி நூறு மீட்டர் ஒரே குழாயில் வந்து, அந்தக் குழாய் 99.9 சதவீதம்தான் நம்பத்தக்கது என்றால், அதிலேயே 8 மணி 45 நிமிடம் போய்விடும். அந்த 13 நிமிடத்துக்கு அப்புறம் பெரிய அர்த்தம் இல்லை. மூன்றாவது லைனும் அதே குழாயில் வந்தால் இந்த எட்டே முக்கால் மணியில் ஒரு நிமிடம்கூடக் குறையாது.

அதனால் இரண்டு ஐஎஸ்பிகளிடமும் பாதை வரைபடம் கேளுங்கள். உங்கள் கட்டிடத்திலிருந்து அவர்களின் நிலையம் வரை எந்தத் தெரு, எந்தப் பக்கம், மண்ணுக்குள்ளா, மின்கம்பம் மேலா என்று. கம்பெனிகள் இரண்டு என்பதால் கேபிளும் இரண்டு என்று ஆகிவிடாது. ஒருவரின் இழையை இன்னொருவர் வாடகைக்கு எடுத்து உங்களுக்கு விற்றிருக்கலாம். முழு வரைபடம் தர மறுப்பார்கள், கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டராவது வாங்குங்கள். மண்வெட்டியும் ஜேசிபியும் பெரும்பாலும் அங்கேதான் வேலை செய்கின்றன. இரண்டு பாதையும் ஒன்றாக வருவது தெரிந்தால், ஒன்றை கட்டிடத்தின் எதிர்ப்பக்கத்து வாசல் வழியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது ஒன்றை ரேடியோ லிங்க்காக மாற்றச் சொல்லுங்கள். 4ஜி, 5ஜி ரூட்டர் ஒன்றை மூன்றாவது வழியாக வைப்பது மலிவு, நான் ஆதரிப்பேன். ஆனால் பக்கத்து டவரிலிருந்து போகும் ஃபைபர் உங்கள் லைனோடு அதே பள்ளத்தில் போகலாம், அதனால் லீஸ்டு லைன் தரும் கம்பெனியல்லாத வேறு ஒன்றின் சிம்மாக வாங்குங்கள்.

கட்டிடத்துக்குள்ளும் இதே கண்ணோடு ஒரு சுற்று நடந்து பாருங்கள். இரண்டு ரூட்டர்களும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கின்றனவா? ஒரே பிளக் பாயிண்ட் வரிசையிலா? இரண்டும் ஒரே ஸ்விட்சில் மாட்டியிருந்தால் அந்த ஸ்விட்ச் போனால் இரண்டு ரூட்டரும் இருந்து பயனில்லை. இரண்டு ஸ்விட்ச் வைத்து நடுவில் இணைத்தால், அந்த நடு இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். விஆர்ஆர்பி அறிவிப்பு போகாததால் இரண்டு ரூட்டரும் தாங்களே மாஸ்டர் என்று எழுந்துவிடும். அந்த இணைப்பை இரட்டையாகப் போடுவது அவசியம். ஸ்விட்சுகளில் இன்னும் பழைய ஸ்பானிங் ட்ரீ (பாக்கெட்டுகள் வளையத்தில் சுற்றாமல் தடுக்கும் ஏற்பாடு) ஓடினால் ஒரு இணைப்பு மாற 30 முதல் 50 வினாடி ஆகும். 2001-ல் வந்த வேகமான வகைக்கு மாற்றிவிடுங்கள்.

பெரிய நிறுவனங்களே விழுந்த இரண்டு நிகழ்வுகளிலிருந்து உங்களுக்கும் பயன்படும் விஷயம் இருக்கிறது. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நெட்வொர்க் ஒரு நாளுக்கு மேல் விழுந்து 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஒரு மேம்பாட்டு வேலையின்போது ஒரு ரூட்டரில் வடிகட்டி நீக்கப்பட்டது, அளவுக்கு மீறிய ரூட்டுகள் மைய ரூட்டர்களில் வெள்ளமாகப் பாய்ந்தன. அந்த மையத்தில் மாற்று ரூட்டர்கள் இருந்தன, எல்லாவற்றுக்கும் அதே வெள்ளம். பழுதைச் சரிசெய்ய ரூட்டர்களுக்குள் நுழையும் வழியும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால் எங்கே பழுது என்று கண்டுபிடிப்பதே தாமதமானது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் ஒரு பராமரிப்புக் கட்டளை முதுகெலும்பு நெட்வொர்க்கை அறுத்துவிட்டது. டேட்டா சென்டரை எட்ட முடியாவிட்டால் தன்னை விலக்கிக்கொள் என்று எழுதப்பட்டிருந்த டிஎன்எஸ் நிலையங்கள் எல்லாம், எழுதியபடியே, ஒரே நேரத்தில் விலகிக்கொண்டன. ஒரு நிலையம் மட்டும் பழுதானால் அது சரியான முடிவு, எல்லாம் சேர்ந்து எடுத்தபோது மொத்த நிறுவனமும் இணையத்திலிருந்து காணாமல் போனது. உங்கள் ட்ராக்கிங்கிலும் இதைச் சோதியுங்கள்: இரண்டு லைன் பிங்கும் ஒன்றாகத் தோற்றால் கடைசியில் யாராவது ஒருவர் மாஸ்டராக நிற்கிறாரா, ஒரு டீஃபால்ட் ரூட்டாவது மிஞ்சுகிறதா? அப்புறம் இரண்டு லைனும் போன நேரத்தில் ரூட்டருக்குள் நுழைய கன்சோல் கேபிளும், பாஸ்வேர்டும் ஐஎஸ்பியின் புகார் எண்ணும் எழுதிய தாளும் ரேக்கிலேயே பூட்டி வைத்திருக்கிறீர்களா?

மற்ற எல்லாவற்றையும் விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது சோதனையைத்தான். நிறுவியபோது ஒரு ரூட்டரின் பவரை அணைத்துக் காட்டி, மாறிவிட்டது பாருங்கள் என்று சொல்லியிருப்பார்கள். பழுதுகளிலேயே மிகச் சுத்தமான பழுது அது, அந்தச் சோதனையில் தோற்பது அபூர்வம். நிஜப் பழுது பாதி உயிரோடுதான் வரும்: விளக்கு எரியும், பாக்கெட் போகாது. ஜெனரேட்டரை வாரம் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது உங்கள் மருத்துவமனையில் வழக்கமாக இருக்கும், அதே ஒழுங்கு இதற்கும் வேண்டும். மாதம் ஒரு இரவு, வெளி நோயாளிகள் இல்லாத நேரத்தில், கன்வெர்ட்டரின் பின்பக்கத்து ஃபைபரை எடுங்கள், ரூட்டர் பக்கத்துச் செப்புக் கேபிளைத் தொடாதீர்கள். மாறியதா, எத்தனை வினாடி, இன்ஷூரன்ஸ் போர்ட்டல் திறக்கிறதா, விபிஎன் வந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மாட்டிவிட்டுத் திரும்பி வருவதையும் பாருங்கள். இன்னொரு மாதம் லேன் பக்கத்தை எடுங்கள், இன்னொரு மாதம் ரூட்டரை ரீபூட் செய்யுங்கள். இரண்டாவது லைனில் எப்போதும் கொஞ்சம் வேலையைப் போட்டு வையுங்கள், விருந்தினர் வைஃபை போல ஏதாவது. சும்மா கிடக்கும் லைன் செத்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் போய்ப் பார்த்த ஒரு இடத்தில் பேக்கப் லைன் புதுப்பிக்கப்படாமல் துண்டிக்கப்பட்டிருந்தது, முதல் லைன் போன அன்றுதான் அது தெரிய வந்தது. புதிதாக ஒரு வார்டுக்கு விலான் (தனியாகப் பிரித்த உள் நெட்வொர்க்) சேர்க்கும்போது முதல் ரூட்டரில் மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை மறப்பதும் இந்த மாதாந்தரச் சோதனையில்தான் வெளியே வரும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்று: கேபிள் அறுந்த நேரத்து ரூட்டர் லாகைப் பாருங்கள், இரண்டு ரூட்டரிலும் விஆர்ஆர்பி ப்ரியாரிட்டி எண்களையும் ட்ராக் வரிகளையும் பாருங்கள், கன்வெர்ட்டரின் அடியில் அந்தக் குட்டி ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பாஸ்வேர்டுகளையும் வெளி ஐபி முகவரிகளையும் அழித்துவிட்டு அந்த வரிகளை இங்கே போட்டால், எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று எழுதுகிறேன். விற்பனையாளருக்கு அதற்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தால், பாதை வரைபடம் வந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.